கீழே செல்லும் படிகள்

உரோமை நகருக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்நகரைப் பேருந்தின் கண்ணாடி வழியாகவே காண்கின்றனர். காலையில் புனித பேதுரு பேராலயம், நண்பகலில் கொலோசியம், மாலையில் இலாத்தரன் என்று வழிகாட்டி உயர்த்திப் பிடிக்கும் குடையைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகின்றனர். நாமும் முதன்முறை அவ்வாறே கண்டோம். நிழற்படங்கள் நிறையக் கிடைத்தன, நகரம் கிடைக்கவில்லை. மறுமுறை செல்லும் வாய்ப்பு வாய்த்தபோது, ஒரு முழு நாளை ஒதுக்கி, புனித கிளமெந்து ஆலயத்தில் தொடங்கிப் பாந்தியோன் வரை நடந்தே செல்வது என்று முடிவு செய்தோம். நேர்வழியில் நடந்தால் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடக்கூடிய தொலைவுதான். நமக்கோ ஒரு பகல் முழுவதும் அதற்குப் போதவில்லை.

காரணம், உரோமை பக்கவாட்டில் பரந்து கிடக்கும் நகர் மட்டுமன்று. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நகரும் ஆகும். திபேர் ஆற்றின் வெள்ளம் கொண்டுவந்த வண்டல், தீயில் வெந்த வீடுகளின் சாம்பல், இடிந்த மாளிகைகளின் கற்குவியல் ஆகிய இவையெல்லாம் நூற்றாண்டுதோறும் தரையை உயர்த்தின. பழைய சுவரையே புதிய வீட்டிற்கு அடித்தளமாக்கி மக்கள் மேலே மேலே கட்டிக்கொண்டு போயினர். எங்கே தரை தாழ்கிறது, எங்கே ஒரு தூணின் பாதி மண்ணுக்குள் மறைகிறது என்பதை நடப்பவரின் கால்களே முதலில் அறிகின்றன.

மூன்று தளங்கள்

கொலோசியத்திலிருந்து இலாத்தரன் நோக்கிச் செல்லும் சாலையில், சற்றே தாழ்ந்த முற்றத்துடன் அமைந்திருப்பது புனித கிளமெந்து ஆலயம். ஏறத்தாழ கி.பி. 1100-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பட்ட கட்டடம் இது. பீடத்திற்கு மேலுள்ள அரைவட்டச் சுவரில், சிலுவை ஒரு கொடியாகத் தழைத்துச் சுருள் சுருளாகப் படர்வதை நுண்கற்பதிப்பு ஓவியமாகக் காண்கிறோம். சிலுவை மரத்தில் பன்னிரு வெண்புறாக்கள் அமர்ந்திருக்கின்றன. இவ்வழகே போதுமென்று திரும்பிவிடுவோர் பலர். ஆனால், ஆலயத்தின் பக்கத்து அறையிலிருந்து கீழே செல்லும் படிகள் இருக்கின்றன.

அப்படிகளில் இறங்கினால், நான்காம் நூற்றாண்டின் ஆலயத்திற்குள் நிற்கிறோம். கி.பி. 392-இல் புனித எரோணிமுஸ், கிளமெந்தின் நினைவைப் போற்றும் ஆலயம் ஒன்று உரோமையில் உண்டு என்று குறிப்பிடுவது இதனையே. ஸ்லாவ் மக்களின் திருத்தூதரான புனித சிரில் 869-இல் உரோமையில் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். மேலே புதிய ஆலயம் எழுப்பப்பட்ட காலத்தில் இவ்வாலயத்தை மண்ணும் இடிபாடும் இட்டு நிரப்பினர். நாளடைவில், தம் காலடியில் இன்னோர் ஆலயம் புதைந்திருப்பதையே மக்கள் மறந்துபோயினர். மேலுள்ள ஆலயமே எரோணிமுஸ் குறிப்பிட்ட ஆலயம் என்று ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எண்ணிக்கொண்டு வழிபட்டனர். 1857-இல், அங்கிருந்த தொமினிக்கன் துறவு இல்லத்தின் தலைவரும் அயர்லாந்து நாட்டினருமான அருள்தந்தை ஜோசப் முல்லூலி தரையைத் தோண்டத் தொடங்கினார். அப்போதுதான் கீழிருந்த ஆலயம் மீண்டும் வெளிப்பட்டது.

கீழ்த்தள ஓவியம் ஒன்று நம்மை நகைக்கவும் வைத்தது. கிளமெந்தைக் கட்டி இழுத்துவரும்படி சிசின்னியுஸ் என்னும் பெருமகன் தன் ஊழியருக்குக் கட்டளையிடுகிறான். ஊழியர்களோ கண்மயங்கி, ஒரு கல்தூணைப் புனிதரென்று எண்ணிக் கயிறு கட்டி இழுக்கின்றனர். அவன் சினந்து கூறும் வசைமொழி, கொச்சையான மக்கள் பேச்சில் அப்படியே சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலிய மக்கள் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. திருச்சபையின் இலத்தீன் ஒலித்த ஆலயத்தின் சுவரிலேயே தெருவின் மொழியும் இடம் பிடித்துக்கொண்டது.

இன்னும் படிகள் உள. மீண்டும் இறங்கினால், முதல் நூற்றாண்டின் சுவர்களுக்கிடையே, ஓர் ஆள் மட்டுமே செல்லக்கூடிய குறுகிய சந்தில் நிற்கிறோம். சந்தின் ஒருபுறம் பெரும் பாறைக் கற்களாலான பொதுக் கட்டடம்; மறுபுறம் செங்கல் வீடு. அச்செங்கல் வீட்டின் உட்பகுதியில் மித்ரா என்னும் கீழைத் தெய்வத்தின் வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. குகைபோன்ற தாழ்ந்த கூரை, இருபுறமும் விருந்துண்ணச் சாய்ந்திருப்பதற்கான கல் திண்ணைகள், நடுவே மித்ரா காளையைக் கொல்லும் சிற்பம் பொறித்த பலிபீடம். இருளில் எங்கோ நீர் ஓடும் ஓசை இடைவிடாது கேட்கிறது. மேலே திருப்பலி, கீழே மித்ராவின் விருந்து, அதற்கும் கீழே கி.பி. 64-ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்த வீடுகளின் எச்சம்!

இவ்வாலயத்தில் பணியாற்றிய குரு ஒருவரின் பெயர் மெர்க்குரியுஸ். மெர்க்குரி என்பது பழைய உரோமையரின் தெய்வம். அவர் 533-இல் திருத்தந்தையாகத் தேர்வுபெற்றபோது, அத்தெய்வத்தின் பெயரோடு பேதுருவின் இருக்கையில் அமர்வது தகாது என்று கருதி, யோவான் என்னும் பெயரை ஏற்றார். அவரே இரண்டாம் யோவான். அவர் வழங்கிய பளிங்குப் பலகைகள் கீழ் ஆலயத்திலிருந்து மேலே கொண்டுவரப்பட்டு, இன்றும் பாடகர் குழுவின் இடத்திற்கு அரணாக நிற்கின்றன. பெயரை மாற்றிக்கொண்டவரின் கல் மேலே வந்துவிட்டது. அவர் பெற்றோர் இட்ட பெயர் மட்டும் கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது. நம்மில் பலரின் குடும்ப வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே.

வெற்றியும் கொள்ளையும்

கிளமெந்து ஆலயத்திலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் கொலோசியம். அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாய் எழுந்ததே. பெருந்தீக்குப்பின் நீரோ தன் பொன் மாளிகையைக் கட்டியபோது, இப்பள்ளத்தில் ஒரு செயற்கை ஏரியை அமைத்தான். அவனுக்குப்பின் வந்த வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றச்செய்து, ஏறத்தாழ கி.பி. 72-இல் பொதுமக்களின் கேளிக்கைக்கென்று இவ்வரங்கைத் தொடங்கினான். அவன் மகன் தீத்துஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்தான். யூதப் போரில் கொள்ளையிட்ட செல்வமே இதன் செலவுக்குப் பயன்பட்டது என்பது, இங்குக் கிடைத்த கல்வெட்டைப் பற்றிய அறிஞர் ஆய்வின் முடிவு. எருசலேம் ஆலயம் அழிந்ததும் கொலோசியம் எழுந்ததும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

இக்கட்டடத்தின் தென்புறம் ஏன் மூளியாய் நிற்கிறது? 1349-ஆம் ஆண்டின் நிலநடுக்கம் அதைச் சரித்தது. சரிந்த கற்களைப் பிறகு நகரமே அள்ளிச் சென்றது. திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் காலத்தில், ஓராண்டிற்குள் 2,500-க்கும் மேற்பட்ட வண்டிச் சுமை கற்கள் இங்கிருந்து திருச்சபையின் கட்டடப் பணிகளுக்குச் சென்றன. அந்தக் கொள்ளை நின்றதும் திருச்சபையாலேயே. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், மறைசாட்சிகளின் குருதி தோய்ந்த இடம் என்று இதை ஆண்டவரின் பாடுகளுக்கு அர்ப்பணித்து, உள்ளே சிலுவைப்பாதை நிலைகளை நிறுவினார். கிறித்தவர்கள் இவ்வரங்கிற்குள்ளேயே கொல்லப்பட்டனர் என்பதற்குத் திட்டவட்டமான சான்று இல்லை என்று வரலாற்றறிஞர் கூறுகின்றனர். இருந்தும், அந்த நம்பிக்கைதான் எஞ்சிய சுவர்களைக் காத்தது. கல்லாக மட்டும் பார்த்தவரை அது கற்சுரங்கம். செபிக்கத் தொடங்கிய பிறகே அது நினைவிடம்.

கொலோசியத்திலிருந்து பழைய மன்றத்திற்கு ஏறும் திருவீதியின் உச்சியில் தீத்துஸ் வளைவு நிற்கிறது. அதன் உட்சுவரில் உரோமைப் படைவீரர்கள் எருசலேம் ஆலயத்தின் ஏழுகிளை விளக்குத்தண்டைத் தோளில் சுமந்து ஊர்வலமாக வருகின்றனர். உரோமையில் வாழ்ந்த யூதர்கள் நூற்றாண்டுக் கணக்காக இவ்வளைவின் கீழ் நடப்பதைத் தவிர்த்தனர் என்பது மரபு. வென்றவனுக்கு வாயில், தோற்றவனுக்கு விலகிச் செல்லவேண்டிய தெரு.

இவ்வளைவிலிருந்து மற்றொரு பாடமும் கற்றோம். இடைக்காலத்தில் இது ஒரு கோட்டைச் சுவரினுள் சிக்கிச் சிதைந்தது. 1820-களின் தொடக்கத்தில் வலாதியேர் என்னும் கட்டடக் கலைஞர் இதனைச் சீரமைத்தபோது, மறைந்துபோன பகுதிகளைப் பளிங்கால் நிரப்பாமல், நிறம் வேறுபட்ட திராவெர்த்தினோச் சுண்ணக்கல்லால் நிரப்பினார். பழையது எது, நாம் சேர்த்தது எது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இட்டுக்கட்டாத சீரமைப்பு! வரலாறு எழுதுவோர் அனைவரும் ஒருமுறை இவ்வளைவின் முன் நின்றுவிட்டு வருவது நல்லது.

அந்தரத்தில் ஒரு கதவு

மன்றத்திற்குள் இறங்கும் வழியில் வலப்புறம் எழுகின்ற மூன்று மாபெரும் வளைவுகள் மக்சென்சியுஸ் மண்டபத்தின் எச்சம். கொன்ஸ்தந்தீன் அதனை முடித்துவைத்தார். அது எழுமுன் அவ்விடத்தில் பேரரசன் தொமீசியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். கொங்கு நாட்டு மண்ணில் உரோமை நாணயங்கள் பானை பானையாகக் கிடைத்துள்ளன. பேரரசின் இதயத்தானத்தில், மண்ணுக்கடியில், நம் மேற்குமலையின் மிளகு மணத்த கிடங்கு ஒன்று இருந்தது என்று எண்ணியபோது, அந்நியராய் வந்த நமக்கும் அந்நகரின் அடித்தளத்தில் ஒரு பிடி மண் உரிமையானதுபோல் தோன்றியது.

சற்று அப்பால், அந்தோனீனுஸ் பேரரசனும் அவன் மனைவி பவுஸ்தீனாவும் தெய்வங்களாக வணங்கப்பட்ட கோயில் நிற்கிறது. கி.பி. 141-இல் தொடங்கப்பட்டது. அதன் பெருந்தூண்களுக்குப் பின்னே புனித லொரென்சு ஆலயத்தின் முகப்பு நுழைந்து நிற்கிறது. ஆலயத்தின் பச்சை நிறக் கதவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதற்குப் படி இல்லை. தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. கதவை வைத்தவர்கள் பித்தர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் தரை அங்கேதான் இருந்தது. மன்றம் முழுவதும் மண்மூடி, மாடுகள் மேயும் திடலாகக் கிடந்து, 'பசுக்களின் வெளி' என்றே பெயர் பெற்றிருந்தது. பின்னர் தொல்லியலார் மண்ணை அகற்றினர். கதவு மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது.

அண்மையில் உள்ள செங்கல் கட்டடம் உரோமை ஆட்சிமன்றம் கூடிய குரியா. ஏழாம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் ஒனோரியுஸ் அதைப் புனித அத்ரியான் ஆலயமாக்கினார். ஆலயம் ஆனதால்தான் அது இடிபடாமல் தப்பியது. 1930-களில், பண்டைப் பேரரசின் பெருமையை மீட்க விழைந்த அரசின் காலத்தில், ஆலயத்தின் அடையாளங்கள் பெரும்பாலும் களையப்பட்டன. குரியா காப்பாற்றப்பட்டது, அதைக் காப்பாற்றிய ஆயிரத்து முந்நூறு ஆண்டு வழிபாடு அகற்றப்பட்டது. மேலுள்ள தளத்தார் கீழுள்ளதை மறைப்பதும் தவறு. கீழுள்ளதைக் காட்டுவதற்காக மேலுள்ளதைத் துடைத்தழிப்பதும் தவறு. இரண்டும் ஒரே வகை மறதியே.

குரியாவின் அருகே தனித்து நிற்கும் ஒற்றைத் தூண், கி.பி. 608-இல் கீழைப் பேரரசன் போக்காஸுக்கு எழுப்பப்பட்டது. பண்டைய மன்றத்தில் கடைசியாக நிறுத்தப்பட்ட நினைவுச் சின்னம் அதுவே. கொடியவன் என்று பெயரெடுத்த அப்பேரரசனை நம் நடையின் முடிவில் மீண்டும் சந்திப்போம்.

மதிலுக்குள் ஒரு மக்கள்

கபித்தோல் குன்றைச் சுற்றிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தால், மார்செல்லுஸ் நாடக அரங்கு எதிர்ப்படுகிறது. அகுஸ்துஸ் பேரரசன் முடித்த அரங்கு அது, இடைக்காலத்தில் கோட்டை, பதினாறாம் நூற்றாண்டில் உயர்குடியினர் மாளிகை. கீழே வளைவுகளில் புறாக்களும் மேலே சாளரங்களில் பூந்தொட்டிகளுமாக, இன்றும் மேல்மாடியில் மக்கள் குடியிருக்கின்றனர்.

அதனருகே உள்ளது ஒக்தாவியா தூண்மண்டபம். செப்திமியுஸ் செவேருஸ் கி.பி. 203-இல் புதுப்பித்த அதன் நுழைவாயில், இடைக்காலத்தில் மீன் சந்தையாயிற்று. குறிப்பிட்ட நீளத்திற்கு மேற்பட்ட மீனின் தலை நகரத்து அதிகாரிகளுக்கே உரியது என்று கூறும் இலத்தீன் பளிங்குப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. தூண்மண்டபத்திற்குள்ளேயே எழுந்த ஆலயத்திற்கு 'மீன் சந்தையின் புனித வானதூதர்' என்று பெயர். இதுவரை நாம் மகிழ்ச்சியாக நடந்தோம். இங்கே நம் கால்கள் தயங்கின.

உரோமையில் யூதர்கள் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு முதலே வாழ்ந்து வருகின்றனர். பேதுருவும் பவுலும் வந்து சேர்ந்தபோது அந்நகரில் அவர்களுக்கு உறவாக இருந்தோர் இம்மக்களே. அம்மக்களை 1555-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திருத்தந்தை நான்காம் பவுல் தம் ஆணையால் இவ்விடத்தில் மதிலுக்குள் அடைத்தார். ஆற்று வெள்ளம் அடிக்கடி புகும் தாழ்நிலம் அது. இரவில் வாயில்கள் பூட்டப்பட்டன. ஆண்கள் மஞ்சள் தொப்பி அணியவேண்டும். நிலபுலம் வைத்திருத்தல் ஆகாது. பழைய துணி வாணிகம் போன்ற சிற்சில தொழில்களே செய்யலாம். அந்நூற்றாண்டு முடியுமுன், அவர்கள் குறித்த நாளில் ஆலயத்திற்கு வந்து மனமாற்ற மறையுரை கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது. அம்மறையுரைகள் நிகழ்ந்த ஆலயங்களுள் ஒன்று நாம் மேலே கூறிய மீன் சந்தை ஆலயம். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு அவர்கள் அமர்ந்திருந்தனர் என்று வாய்வழிச் செய்தி கூறுகிறது. மறையுரை ஆற்றுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நமக்கு, அந்த மெழுகை எண்ணும்போது நெஞ்சு சுட்டது.

அண்மையிலுள்ள இரக்கத்தின் புனித கிரகோரி ஆலயத்தின் முகப்பில், எசாயா நூலின் அறுபத்தைந்தாம் அதிகாரத்துச் சொற்கள் எபிரேயத்திலும் இலத்தீனிலும் எழுதப்பட்டுள்ளன. தம்மை விட்டு விலகும் மக்களை நோக்கி நாளெல்லாம் கை நீட்டி நிற்கும் இறைவனின் ஏக்கத்தைக் கூறும் இறைவாக்கு அது. இறைவனின் ஏக்கம், மதிலுக்குள் இருந்தவர்மீது சாட்டிய குற்றமாக அங்கே மாறிவிட்டது. விவிலியச் சொல்லை அது நிற்கும் இடத்தோடு சேர்த்தே வாசிக்கவேண்டும் என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தனர். அதன் முழுப்பொருளும் இத்தெருவில்தான் விளங்கிற்று.

1848-இல் ஒன்பதாம் பத்திநாதர் மதிலை இடிக்கச் செய்தார். ஆயினும் 1870-இல் உரோமை இத்தாலி நாட்டோடு இணைந்த பிறகே அம்மக்கள் முழு உரிமை பெற்றனர். பழைய குடியிருப்பு இடிக்கப்பட்டு, 1904-இல் இன்றுள்ள பெரிய தொழுகைக்கூடம் எழுந்தது. ஆனால் துயரம் அத்துடன் முடியவில்லை. 1943 அக்டோபர் 16-ஆம் நாள் விடியலில் ஜெர்மானிய நாசிப் படையினர் இத்தெருக்களை வளைத்தனர். அன்று பிடிபட்டோருள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸ் முகாமிற்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தோர் 16 பேர் மட்டுமே. அந்நாட்களில் உரோமையின் துறவு இல்லங்கள் பல, யூதர்களுக்குக் கதவைத் திறந்து அடைக்கலம் அளித்தன என்பதும் உண்மை. முன்னோர் எழுப்பிய மதிலும் பின்னோர் திறந்த கதவும் ஒரே திருச்சபையினுடையவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. இன்று அவ்வீதிகளில் சில வீட்டு வாசல்களின் முன், கருங்கற்களுக்கிடையே உள்ளங்கை அளவான பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, பிடிபட்ட நாள். அவற்றை வாசிக்க வேண்டுமானால் தலை குனியவேண்டும்.

1986 ஏப்ரல் 13-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆற்றைக் கடந்து இத்தொழுகைக்கூடத்திற்கு வந்தார். யூத மக்களை நம் மூத்த சகோதரர் என்னும் பொருள்பட அழைத்தார். வத்திக்கானிலிருந்து நடந்தே வரக்கூடிய அத்தொலைவைக் கடக்கத் திருச்சபைக்கு எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! பின்னர் 2000-ஆம் யூபிலி ஆண்டு மார்ச் 12 அன்று, புனித பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் இழைத்த குற்றங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். இவ்வாறு அறிக்கையிட்டால் எதிரிகள் நகைப்பர் என்று அஞ்சியோரும் இருந்தனர். முல்லூலி அடிகள் தரையைத் தோண்டியபோது மேலுள்ள ஆலயம் இடிந்துவிடவில்லை. அதன் அடித்தளம் எது என்பதுதான் தெரிந்தது. மன்னிப்பு வேண்டிய அந்நாளிலும் நிகழ்ந்தது அதுவே.

திறந்த கூரை

அங்கிருந்து வடக்கே திரும்பி நடந்தோம். வழியில் மினெர்வா சதுக்கம். பழைய பெண் தெய்வத்தின் கோயில் இடத்தில் எழுந்ததாகக் கருதப்பட்டு, 'மினெர்வாவின் மேலுள்ள மரியா' என்று பெயர் பெற்ற ஆலயத்தின் பீடத்தடியில் சியன்னா நகரப் புனித கத்தரீனம்மாள் துயில்கிறார். திருத்தந்தையரிடமே உண்மையை அஞ்சாது எடுத்துரைத்த பெண்மணி அவர். அதே ஆலயத்தை ஒட்டிய துறவு இல்லத்தில்தான், 1633 சூன் 22 அன்று கலிலேயோ முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிட வைக்கப்பட்டார். ஒரு சுவருக்கு இருபுறமும் இரு நினைவுகள்.

அடுத்த வளைவில் பாந்தியோன். எகிப்திலிருந்து வந்த பதினாறு கருங்கல் தூண்கள் தாங்கும் முகப்பில் அக்ரிப்பா இதனைக் கட்டினான் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அக்ரிப்பா கட்டியது எரிந்தழிந்தது. இன்று நாம் காண்பது ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126-இல் நிறைவுற்றது. ஆயினும் அப்பேரரசன் தன் பெயரை எழுதாமல் முன்னவன் பெயரையே பொறிக்கச் செய்தான். நன்கொடை அளித்தவர் பெயரை மின்விசிறியின் இறக்கைகளிலும் எழுதும் நம் பங்குகளை ஒரு கணம் நினைத்துக்கொண்டோம்.

உள்ளே விட்டமும் உயரமும் ஒன்றே: ஏறத்தாழ 43.3 மீட்டர். இரும்புக் கம்பி இன்றிக் காரையாலேயே வார்த்த கவிகை அது. அடியில் கனமான கல்லும், மேலே செல்லச் செல்ல இலேசான கல்லும், உச்சியை ஒட்டி நுரைபோன்ற எரிமலைக் கல்லும் கலந்து, மேற்செல்லச் சுவரின் தடிமனையும் குறைத்துக்கொண்டே சென்றனர். உச்சியில் கல்லே இல்லை. ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள திறந்த வட்டம். அவ்வழியே வெயிலும் வரும், மழையும் வரும். மழைநீர் வடிந்துபோகத் தரையில் சிறு துளைகள் உண்டு.

இதை 609-இல் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் புனித மரியாவுக்கும் மறைசாட்சிகள் அனைவருக்கும் அர்ப்பணித்தார். அவருக்கு இக்கட்டடத்தை அளித்தவன், மன்றத்தின் ஒற்றைத் தூணுக்கு உரிய அதே போக்காஸ். ஆலயம் ஆனமையால் பாந்தியோன் பிழைத்தது. எனினும் ஆலயத்தையும் சூறையாடியோர் உண்டு. 663-இல் கிறித்தவப் பேரரசன் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ் கூரையின் வெண்கல ஓடுகளைப் பெயர்த்தான். பதினேழாம் நூற்றாண்டில் திருத்தந்தை எட்டாம் உர்பான் முகமண்டபத்தின் வெண்கல உத்தரங்களை எடுத்துப் பீரங்கி வார்க்கச் செய்தார். அயல்நாட்டுக் கொள்ளையர் விட்டுவைத்ததைச் சொந்த ஊர்த் திருத்தந்தையின் குடும்பம் முடித்துவிட்டது என்று நகரமக்கள் நகையாடினர்.

தூய ஆவியார் பெருவிழாவன்று திருப்பலியின் முடிவில், தீயணைப்பு வீரர்கள் கவிகையின்மேல் ஏறி, அத்திறந்த வட்டத்தின் வழியே செந்நிற ரோசா இதழ்களைப் பொழிகின்றனர். நாம் சென்றது பெருவிழா நாள் அன்று. மாலை வெயிலின் ஒரு வட்டம் மட்டும் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. காலையில் நாம் கண்டது கீழே செல்லும் படிகள். மாலையில் கண்டது மேலே திறந்த கூரை. கீழே இறங்கத் துணிந்த திருச்சபைக்கே மேலிருந்து வரும் ஒளி விளங்கும் என்று தோன்றியது.

எழுதாத ஒரு வரி

இக்கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால், பிறர் மதிலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நம் கையால் மறைத்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பல ஆண்டுகளுக்குமுன் நாம் பணியாற்றிய ஒரு பங்கின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு நமக்கு வந்தது. பழைய திருமுழுக்கு ஏடுகளைப் புரட்டி, ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியவர், மணி வாங்கித் தந்தவர், கோபுரம் எழுந்த ஆண்டு என எல்லாவற்றையும் தவறின்றி எழுதினோம். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு காலத்தில் சுவர் ஒன்று இருந்தது. ஒரே நற்கருணையை உண்டவர்களை இறந்தபின் சாதியால் பிரித்த சுவர் அது. நாம் அங்குச் செல்லுமுன்பே இடிக்கப்பட்டுவிட்டது. அடித்தளக் கற்கள் மட்டும் புல்லிடையே ஒரு கோடாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரிக்கும்போது அக்கோட்டைத் தாண்டித்தான் சென்றோம். மலரில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. விழா நேரத்தில் மனத்தாங்கல் வேண்டாம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சுவருக்கு அப்பால் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அம்மலரை விலைகொடுத்து வாங்கினர். அதில் தங்கள் பாட்டன் பாட்டியரைத் தேடியிருப்பார்கள்.

உரோமையின் மதிலைக் குறித்து எழுதுவது எளிது. அது தொலைவில் உள்ளது. தலை குனிந்து வாசிக்கவேண்டிய கற்கள் நம் புல்லிலும் புதைந்து கிடக்கின்றன. அன்று எழுதாத அவ்வரியை இன்று இங்கே எழுதுகிறோம்: அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருந்தது, அதை எழுப்பியவர்கள் கிறித்தவர்கள், அதை அறிந்தும் எழுதாமல் விட்டவன் அவர்களுடைய குரு.